ஆக மொத்தம்

மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைகளைச் சண்முகக்கனி ஒரு சனிக்கிழமை மத்தியானம் எண்ணி முடித்து, நீட்டிய ஆள்காட்டி விரலை மடக்கி, "ஆக மொத்தம் ஏழு" என்று சொன்னாள். அன்றிலிருந்து அந்தக் கம்பியில் ஏழு காக்கைகள்தான். எட்டாவதாக ஒன்று வந்து உட்கார்ந்தால் ஓரத்தில் இருப்பது எழுந்து போகும், ஒன்று எழுந்து போனால் எங்கிருந்தாவது இன்னொன்று சலித்துக்கொண்டே வந்து உட்காரும், கல்லெறிந்தாலும் ஏழு, மழை பெய்தாலும் ஏழு. அமாவாசைக்கு மொட்டைமாடியில் சோற்று உருண்டை வைத்துவிட்டுத் தொண்டை வறளக் கரைந்து கூப்பிட்ட வீட்டுக்காரர் கோமதிநாயகத்தை அந்த ஏழும் கம்பியிலிருந்தபடியே பார்த்தனவே தவிர, ஒன்றுகூட இறங்கி வரவில்லை. இறங்கினால் கணக்கு குறையும்.

கோமதிநாயகம் காம்பவுண்டில் ஒன்பது வாடகை வீடுகள், எல்லோருக்கும் ஒரு குழாய், மாடிக்கு ஒரு படிக்கட்டு. மூன்றாவது வீடு கனியுடையது. அவளுக்கு எட்டு வயது. அப்பா ஆவுடையப்பன் மினி பஸ் ஓட்டினார், அம்மா வேலம்மாள் தீப்பெட்டி ஆபீசில் பெட்டிக்குள் குச்சி அடைத்தாள், தம்பி துரைக்கு நாலு வயது. அந்த ஊரில் பாதிப் பேருக்குத் தீப்பெட்டிதான் சோறு போட்டது.

பள்ளிக்கூடம் விட்டதும் கனி தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்காருவாள். குச்சிக்கட்டு எடுக்கவோ தண்ணீர் குடிக்கவோ எழுந்து போகும்போதெல்லாம் வேலம்மாள், "இங்ஙனயே இரி. நூறு வரைக்கும் எண்ணு, வந்துருதேன்" என்பாள். கனி நூறு வரைக்கும் எண்ணுவாள், அம்மா வந்திருக்கமாட்டாள், கூரைச் சட்டங்களை எண்ணுவாள், செருப்புகளை எண்ணுவாள், சுவர்ப் பல்லிகளை எண்ணுவாள், அதற்குள் அம்மா வந்துவிடுவாள். சாயங்காலம் கணக்குப்பிள்ளை சுடலைமுத்து காதில் பென்சிலோடு வந்து ஒவ்வொருத்தி முன்னாலும் அடைத்த பெட்டிகளோடு அடுக்கியிருக்கும் தட்டுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணி, கடைசியில் கோயில் மணி மாதிரி ராகம் இழுத்து, "ஆக மொத்தம்" என்று எண்ணிக்கையைச் சொல்லுவார். சொன்ன பிறகு எவளாவது இன்னும் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால், "ஆக மொத்தம் சொல்லியாச்சு தாயி. இனி சாமியே தட்டு கொண்டாந்தாலும் ஏறாது" என்பார். எண்ணியது தப்பு என்று யாராவது சண்டை போட்டால் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு முதலிலிருந்து எண்ணுவார். இதையெல்லாம் தினமும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, எண்ணுவது என்பது கதவைச் சாத்துவது மாதிரி ஒரு வேலை என்று பட்டிருந்தால் அதில் அவள் தப்பு ஒன்றுமில்லை.

காக்கைகளோடு நின்றிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். அடுத்த நாள் காலை தட்டில் அம்மா எடுத்து வைத்த இட்லிகளைத் தொட்டு எண்ணி, ஆக மொத்தம் பன்னிரண்டு என்றாள். ஆவுடையப்பன் நாலு தின்றார், பன்னிரண்டு இருந்தது. துரை ரெண்டைப் பிய்த்து எறிந்தான், பன்னிரண்டு இருந்தது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்கள், எதிர்வீட்டுக்குக் கொடுத்தார்கள், அன்று காம்பவுண்டில் எந்த வீட்டிலும் காலை அடுப்பு எரியவில்லை, எல்லோரும் கனியின் கன்னத்தைக் கிள்ளினார்கள். மறுநாளும் பன்னிரண்டு, மூன்றாம் நாள் புளித்து நூல்விட்டபோதும் பன்னிரண்டு. வேலம்மாள் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தாள், தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள், கோழிக்கு வைத்துப் பார்த்தாள்.

"இது எங்க அம்மை சீரா குடுத்த தட்டு. இதை நான் கழுவணுமா வேண்டாமா?" என்று கேட்டாள். தட்டை இட்லிகளோடு முருங்கை மரத்தடியில் புதைத்தார்கள். நாய்கள் இன்றைக்கும் அங்கேதான் படுத்திருக்கின்றன.

பிறகு மாடிப்படியை எண்ணினாள். கடைசிப் படி உயரம் அதிகம் என்று கோமதிநாயகம் இடையில் ஒரு படி கட்டச் சொல்லியிருந்த நேரம் அது. கொத்தனார் சாயங்காலம் கட்டிவிட்டுப் போவார், காலையில் அது இருக்காது, மறுபடி கட்டுவார், மறுபடி இருக்காது, கடைசியில் தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று கரண்டியை எடுத்துக்கொண்டு போனவர் திரும்ப வரவில்லை. துரையைச் சிரிக்கச் சொல்லி அவன் பால்பற்களை எண்ணினாள். ஐந்தாவது வீட்டில் இருக்கும் நர்ஸ் ஜெசிந்தா, "போச்சு, இவன் கல்யாண மேடையிலயும் பால்பல்லோடதான் இளிப்பான்" என்றாள். குழாயடியில் வரிசையில் நின்ற குடங்களை எண்ணி, ஆக மொத்தம் பதினைந்து என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள், அதோடு தண்ணீர் பிடிக்கிறவர்களின் நிம்மதி போனது. ஒரு குடம் நிறைந்து நகர்ந்தால் வரிசையின் வாலில் அடுத்த தெருக் குடம் ஒன்று வந்து நிற்கும், அது நகர்ந்தால் அதற்கடுத்த தெருவிலிருந்து ஒன்று, தண்ணீர் நின்ற பிறகும் யாருடையதென்று தெரியாத பதினைந்து குடங்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன.

நல்லதும் ஒன்று நடந்தது. ஒரு தீப்பெட்டியைக் கொட்டி எண்ணி, ஆக மொத்தம் நாற்பத்தாறு என்று மூடிவைத்தாள். எத்தனை உரசினாலும் அதில் நாற்பத்தாறு குச்சி. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்தப் பெட்டி முதல் வீட்டில் தொடங்கி ஒன்பதாவது வீடு வரைக்கும் கைமாறிப் போய்த் திரும்பி வரும். தீப்பெட்டி ஊரில் தீப்பெட்டி வாங்காத காம்பவுண்டு என்ற விஷயம் வெளியே தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்று அதைப்பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.

மற்றபடி எல்லோருக்கும் அலுத்துப்போனது. கனி விரலை நீட்டினால் யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் குறுக்கே பேசிவிட வேண்டும் என்று ஏற்பாடு. "ஏட்டி கனி, மணி என்ன?" என்பார்கள். அவள் மணியைச் சொல்லிவிட்டு, கோபமே படாமல், முதலிலிருந்து தொடங்குவாள். அந்தப் பொறுமைதான் அவர்களுக்குத் தாங்கவில்லை.

"எண்ண முடியாததாப் பாத்துக் குடுங்க. எண்ணிக்கிட்டே கெடக்கட்டும்" என்று கோமதிநாயகம் தன் மணல் குவியலைக் காட்டினார். கனி அதைச் சுற்றி வந்து, விரலால் தொட்டு, "குவியல் ஒண்ணு. ஆக மொத்தம் ஒண்ணு" என்றாள். அதற்குப் பிறகு வந்த லாரி எங்கே கொட்டினாலும் மணல் ஊர்ந்து போய் அந்தக் குவியலிலேயே சேர்ந்து, அவர் வீட்டு ஜன்னலை மறைத்து வளர்ந்தது.

இத்தனையும் எரிச்சல்தானே தவிர ஆபத்து இல்லை. ஆபத்து அதற்கெல்லாம் முன்பே நடந்து முடிந்திருந்தது, யாருக்கும் தெரியாமல். ஆடி மாதத்தில் ஒருநாள் ஆவுடையப்பன் வண்டியோடு எங்கோ மாட்டிக்கொண்டு வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை; வேலம்மாள் முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்; வந்து சேர்ந்தவர் சாப்பிட உட்கார்ந்ததும் கனி ஒவ்வொருவர் தோளையும் தொட்டுக்கொண்டே போய், தன் நெஞ்சையும் தொட்டு, ஆக மொத்தம் நாலு என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வேலம்மாள் உண்டாகியிருப்பது அவளுக்கே அப்போது தெரியாது.

வளைகாப்பு முடிந்தது, வளையல்கள் ஒவ்வொன்றாக உடைந்தும் முடிந்தன, பங்குனி போனது, சித்திரையும் போனது, பிள்ளை வரவில்லை. தேதியைத் தப்பாகக் குறித்திருப்போம் என்றார் டாக்டர். ஜெசிந்தா தினமும் வயிற்றில் காது வைத்துக் கேட்டுவிட்டு, "துடிப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கதவு தொறக்கலைன்னு வாசல்ல நிக்கிற மாதிரி நிக்கு" என்றாள். அப்படிச் சொன்ன பிறகுதான் அவளுக்கே சந்தேகம் வந்தது. "ஏ கனி, வீட்டு ஆளுகளை எண்ணுனியா?"

"எண்ணுனேன். நாலு."

கேட்டுக்கொண்டிருந்த கோமதிநாயகம், "உன்னையும் சேத்தா?" என்றார்.

"என்னையும் சேத்துத்தான். நான் என்ன கூறு கெட்டவளா?"

வேலம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். "ஊர்ல எல்லாரும் பெத்துட்டு எண்ணுவாக. எம்மவ எண்ணி முடிச்சிட்டுப் பெத்துக்கோன்னு சொல்லுதா."

"அஞ்சுன்னு சொல்லிருட்டி. முடிஞ்சிரும்" என்றாள் ஜெசிந்தா.

"அஞ்சாவது எங்க?"

"வயித்துல."

"வயித்துல இருக்கறதத் தொட முடியாதுல்லா. தொடாம எண்ணக் கூடாது. கணக்குப்பிள்ளை மாமா தொட்டுத்தான் எண்ணுவாக."

ஆவுடையப்பன் யோசித்துப் பார்த்து, தான் கொஞ்ச நாள் அக்கா வீட்டில் போய் இருந்தால் ஓர் இடம் காலியாகும் என்றார். காலையில் மஞ்சப்பையோடு கிளம்பினார். மத்தியானத்துக்குள் வேலம்மாளின் தம்பி கொம்பையா சூட்கேசோடு வந்து இறங்கி, ஊறுகாய் விஷயமாகப் பெண்டாட்டியோடு தீராத சண்டை, இனிமேல் சாகும்வரை இந்த வீடுதான் என்றான்.

"நீ எதுக்குடா இப்ப வந்த?" என்றாள் வேலம்மாள்.

"கூடப்பிறந்தவன்ட்ட கேக்குத கேள்வியா இது?" என்று கொம்பையா கண்கலங்கினான். தகவல் தெரிந்து ஆவுடையப்பன் திரும்பி வந்து வாசல்படியில் கால் வைத்த அதே நேரத்தில் கொம்பையாவின் பெண்டாட்டி கொல்லைப்பக்கமாக வந்து அவன் சட்டையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். இது மூன்று முறை நடந்தது. மூன்றாம் முறை கொம்பையாவே, "யத்தான், போறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க, பாதிச் சோத்துல எந்திரிச்சு வாரேன்" என்று கெஞ்சினான்.

வழி கண்டுபிடித்தது வேலம்மாள்தான், அதுவும் குழாயடியில். சுமக்க முடியாத வயிற்றோடு அந்த முடியாத வரிசையில் நின்றுகொண்டிருந்தவள் திடீரென்று, "ஏட்டி, நீ தப்பா எண்ணியிருக்க. பதினஞ்சு இல்ல" என்றாள், சுடலைமுத்துவிடம் சண்டை போடுகிற அதே குரலில். கனிக்கு முகம் சிவந்துவிட்டது. முதல் குடத்திலிருந்து தொட்டு எண்ண ஆரம்பித்தாள். அவள் முன்னால் எண்ணிக்கொண்டே போகும்போது வேலம்மாள் பின்னாலிருந்து ஒரு குடத்தைக் காலால் ஒதுக்கினாள். அதன் இடத்துக்கு வேறு குடம் வரவில்லை. மற்றவர்களுக்கும் புரிந்து ஆளுக்கொரு குடமாக உருவ, கனி விரலை நீட்டிய இடத்தில் ஈரத்தரைதான் இருந்தது. அன்று காம்பவுண்டில் எல்லோரும் தலைக்கு ஊற்றிக் குளித்தார்கள்.

"எண்ணிட்டு இருக்கும்போது எடுத்துட்டீங்க" என்றாள் கனி.

"கணக்குப்பிள்ளை மறுபடி எண்ணும்போது நாங்க தட்டை அப்படித்தாம்ட்டி உள்ள தள்ளுவோம்" என்று வேலம்மாள் பல நாளுக்குப் பிறகு சிரித்தாள். "எண்ணி முடிக்கற வரைக்கும் கணக்கு தொறந்துதான் கெடக்கும்."

"தொறந்து கெடக்கும்போது போனது திரும்ப வராதா?"

"வராது. வந்தா மறுபடி வரிசையில்லா நிக்கணும்."

அந்தப் பதில்தான் வினையாகிவிட்டது. வீட்டு ஆட்களை மறுபடி எண்ணச் சொன்னபோது கனி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். நாலு சரியான கணக்கு, சரியாக எண்ணியதை எதற்கு எண்ண வேண்டும் என்றாள். கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார்கள், தின்றாள், எண்ணவில்லை. ரிப்பன் வாங்கிக் கொடுத்தார்கள், கட்டிக்கொண்டாள், எண்ணவில்லை. கோமதிநாயகம் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, "நானும் நாப்பது வருசமா வாடகைக்கு விடுதேன், இப்படி ஒரு கழுத்தறுப்பைப் பாத்ததில்ல" என்றார்.

வைகாசியில் ஒரு மத்தியானம், வானம் இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. ஜெசிந்தா வயிற்றிலிருந்து காதை எடுக்காமல் ரொம்ப நேரம் இருந்தாள். பிறகு, "மதினி, துடிப்பு குறையுது. பிள்ளை அசந்துபோச்சு" என்றாள். ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினார்கள். தெருவில் முழங்கால் தண்ணீர், எதுவும் வராது என்று சேதி வந்தது. ஆவுடையப்பன் வண்டியில் இருந்தார், எந்த ஊரில் என்று தெரியவில்லை.

வேலம்மாள் கனியைக் கையைப் பிடித்து இழுத்தாள். அடிக்கத்தான் இழுத்தாள். "ஏன்ட்டி? ஏன் இப்படிப் படுத்துத? சொல்லித் தொலை."

கனி சொன்னாள். "அன்னிக்கு அப்பா வரலல்லா. நூறு எண்ணு, வந்துருவாகன்னு சொன்ன. எத்தனை நூறு எண்ணுனேன் தெரியுமா? வரல. அதனாலதான் வந்ததும் மூடி வச்சேன். மூடுன பிறகு அப்பா ஒரு நாளும் தவறல. இப்பத் தொறந்தா, அப்பா வெளிய இருக்காக."

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிள்ளை காலைக் கட்டும்போதெல்லாம், அடுப்பில் பால் பொங்கும்போதெல்லாம், கடைக்கு ஓடும்போதெல்லாம் நூறு எண்ணு, நூறு எண்ணு என்று தானே சொன்னது வேலம்மாளுக்கு நினைவு வந்தது. அந்த நூறுக்குள் தான் எத்தனை முறை திரும்பி வந்தோம் என்பது நினைவு வரவில்லை. அவள் கனியின் உள்ளங்கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே ஒரு கால், மூடிய கதவைத் தட்டித் தட்டிக் களைத்துப்போனவர்கள் கடைசியாக ஒருமுறை தட்டுவதுபோல, மெல்லத் தட்டியது.

"இதுவும் எண்ணிக்கிட்டுத்தாம்ட்டி இருக்கும், உள்ள" என்றாள் வேலம்மாள். "எத்தனை நூறோ."

கனி கையை எடுக்காமல் நின்றாள். அப்புறம் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, விரலை நீட்டி, அம்மாவின் தோளைத் தொட்டாள். "ஒண்ணு." துரையைத் தொட்டாள். "ரெண்டு." தன் நெஞ்சைத் தொட்டாள். "மூணு." விரல் அப்படியே அந்தரத்தில் நின்றது. வேலம்மாளுக்கு வலி எடுத்தது.

கனியை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார்கள். உள்ளே அலறல் கேட்கும்போதெல்லாம் அவள், "மூணு" என்றாள், விட்டுவிட்டால் விழுந்துவிடும் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பவள் மாதிரி, மூணு, மூணு, மூணு. ஒன்பது வீட்டுக்காரர்களும் மழையில் நனைந்துகொண்டு நின்றார்கள், ஒருவரும் குறுக்கே பேசவில்லை, மணி கேட்கவில்லை, இருமல் வந்தவர்கூட வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்குப் போய் இருமினார். பிறகு உள்ளே ஒரு சின்னக் குரல் கோபமாக அழுதது. ஜெசிந்தா துணியில் சுற்றிய பெண்பிள்ளையைக் கொண்டுவந்து நீட்ட, கனி அதன் நெற்றியைத் தொட்டாள்.

"நாலு."

சொல்லிவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டாள். அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. ஏற்கெனவே மூடியிருந்த எண் நாலு. இப்போது கையில் இருக்கிற எண்ணும் நாலு. பழக்கதோஷத்தில் ஒரு வார்த்தை வாயிலிருந்து நழுவினால் ஆவுடையப்பனுக்கு அந்த வீட்டில் இடமில்லை. அந்த நேரம் பார்த்துக் காம்பவுண்டு வாசலில் சூட்கேசோடு கொம்பையா வந்து நின்றான்.

"அண்ணாச்சி, இந்தத் தடவை நெசமாவே சண்டை" என்றான்.

"உள்ள வராதீரும். விரலுக்கு நேரே நிக்காதீரும்" என்று கோமதிநாயகம் குடையை விரித்து அவனை மறைத்தார்.

கனி விரலை நீட்டியபடி தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை வலித்தது, இடக்கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். தொண்டைக்குள் அந்த வார்த்தை வந்து வந்து முட்டுவது பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது. மழை விட்டது. முதல் வீட்டிலிருந்து தீப்பெட்டி கிளம்ப வேண்டிய நேரம் வந்து, போனது, யாரும் விளக்கு வைக்கவில்லை.

பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தெருத் தண்ணீரில் ஆவுடையப்பன் வந்தார். "ரயில்வே கேட்டுல வண்டி நின்னுபோச்சு, நடந்தே வாரேன். என்ன எல்லாரும் இழவு வீடு மாதிரி..." என்று ஆரம்பித்தவரிடம் கனி ஓடிப்போய் நனைந்த காக்கிச் சட்டையைத் தொட்டாள்.

"அஞ்சு."

எல்லோரும் மூச்சை விட்டார்கள். விட்டுவிட்டு, வரப்போகிற வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். அவள் சொல்லவில்லை. உள்ளேயிருந்து வேலம்மாள்தான் கேட்டாள், குரலே எழும்பாமல்: "மூடப் போறியாட்டி?"

கனி விரலைப் பார்த்தாள், அது மடங்கத் துடித்தது; துணிச்சுருளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், குடைக்குப் பின்னால் தெரிந்த சூட்கேசைப் பார்த்தாள்.

"இன்னும் எண்ணிட்டு இருக்கேன்" என்றாள்.

மறுநாள் காலை ஆவுடையப்பன் வேலைக்குக் கிளம்பினார். வாசலில் நின்று செருப்பு மாட்டும்போது கனி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நூறு" என்று ஆரம்பித்தவர், வேலம்மாள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

"போய்ட்டு வாங்கப்பா" என்றாள் கனி.

அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றாள். பிறகு முற்றத்துக்கு வந்து, அண்ணாந்து, கம்பியை நோக்கி விரலை நீட்டினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலாவது காக்கை தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது, சிறகை ஒருமுறை உதறியது, எழுந்து பறந்தது. அதன் இடத்துக்கு எதுவும் வரவில்லை. கனி விரலை மடக்கவில்லை. காக்கை முருங்கை மரத்தைத் தாண்டி, மணல் குவியலைத் தாண்டி, மாடிப்படிக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, மொட்டைமாடிச் சுவரில் வந்து இறங்கிச் சுற்றுமுற்றும் தேடியது.

"சோறு, சோறு, யாராவது ஒரு பிடி சோறு குடுங்களேன்" என்று கத்திக்கொண்டே கோமதிநாயகம் அந்த உயரமான கடைசிப் படியில் தடுக்கி ஏறினார்.